நெடுந்தூர ஓட்டமும் மனத்திடமும்: ஒரு நூற்றாண்டுப் பாடம்

1984 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தின் முதல் வாரத்தில் இரண்டு செய்திகள் அடுத்தடுத்த நாட்களில் பிறந்தன. வடபகுதி கொந்தளித்துக் கொண்டிருந்த அந்நாட்களில் பத்திரிகையின் பக்கங்களை வேறு செய்திகள் நிறைத்திருந்தன. ஆயினும் பதின்ம வயது மாணவனாக இருந்த என்னுடைய மனத்தில் அவ்விரு செய்திகளும் ஒன்றாகவே தங்கிவிட்டன.

ஓகஸ்ட் 5 ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில், ஒலிம்பிக் வரலாற்றில் முதன்முறையாகப் பெண்களுக்கான மரதன் ஓட்டம் நடைபெற்றது. அமெரிக்காவின் ஜோன் பெனோயிற் 2 மணி 24 நிமிடம் 52 செக்கனில் ஓடி வென்றார். அவர் ஓடி முடித்து ஏறத்தாழ 20 நிமிடங்களின் பின்னர் சுவிற்சர்லாந்தின் கபிரியேலா அண்டர்சன்-ஷீஸ் மைதானத்தினுள் நுழைந்தார். அவருக்கு அப்போது வயது 39. கடைசியாக நீர் வழங்கப்பட்ட இடத்தை அவர் தவறவிட்டிருந்தார். உடல் ஒருபுறம் சாய்ந்து, ஒரு கை தொங்க, கால் இழுபட, மது அருந்தியவரைப்போல அவர் தள்ளாடி வந்தார். கடைசி ஒரு சுற்றுக்கு மட்டும் அவருக்கு 5 நிமிடம் 44 செக்கன் எடுத்தது. 37 ஆவதாக எல்லைக் கோட்டைக் கடந்து வைத்தியர்களின் கைகளில் விழுந்தார். கூட்டம் எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

மறுநாள், ஓகஸ்ட் 6 ஆம் திகதி, வல்வெட்டித்துறை தந்த ஆழிக்குமரன் ஆனந்தன் ஆங்கிலக் கால்வாயை நீந்திக் கடக்கும் முயற்சியின்போது உயிரிழந்தார். அவருக்கு வயது 41.

ஒருவர் பிழைத்தார், சில மணி நேரத்தில் தேறியும் விட்டார். மற்றவர் கரை சேரவில்லை. இருவரைப் பற்றியும் எழுதியவர்கள் ஒரே சொல்லைத்தான் பயன்படுத்தினார்கள்: மனத்திடம். அந்தச் சொல்லை நாம் எவ்வளவு எளிதாகக் கையாளுகிறோம் என்பது பற்றி நெடுநாளாக எனக்கு ஓர் உறுத்தல் உண்டு. மனத்திடம் என்பது என்ன? உடல் கைவிட்ட பின்னரும் எஞ்சி நிற்கும் ஏதோவொன்றா? அல்லது அதுவும் உடலின் சோற்றைத் தின்றுதான் வாழ்கின்றதா? இந்தக் கேள்விக்கு விடை தேடிய வரலாறு ஏறத்தாழ நூற்றிருபது ஆண்டு நீளமானது.

அந்த வரலாற்றுக்குள் நுழையுமுன் எங்கள் கடலைப் பற்றி ஒரு வார்த்தை. 1954 ஆம் ஆண்டு தொண்டைமானாற்றைச் சேர்ந்த மு. நவரத்தினசாமி வல்வெட்டித்துறையிலிருந்து கோடியக்கரை வரை 27 மணி நேரம் நீந்திப் பாக்கு நீரிணையைக் கடந்தார். 1971 இல் ஆனந்தன் மன்னார்க் கரையிலிருந்து தனுஷ்கோடிக்கு நீந்திச் சென்று, திரும்பியும் நீந்தி வந்தார். போகவர எடுத்த நேரம் 51 மணி. கின்னஸ் நூலில் அவருடைய பெயர் ஒருமுறை அல்ல, பல முறை ஏறியது. இந்தச் சாதனைகளைக் கேட்டு வளர்ந்த எங்கள் தலைமுறைக்கு, மனம் வைத்தால் உடல் எதையும் செய்யும் என்பது ஏறக்குறைய ஒரு சமய நம்பிக்கை போலவே இருந்தது.

அந்த நம்பிக்கையோடுதான் நாங்கள் பாடசாலை மரதன் ஓட்டத்திலும் ஓடினோம். இல்ல மெய்வல்லுநர் போட்டிக்கு முன்னதாக, மாசி மாதத்து வெயிலில், வெறுங்காலுடன் ஓட வேண்டும். வழியில் யாரும் தண்ணீர் தரமாட்டார்கள். “தண்ணி குடிச்சால் குத்துப் பிடிக்கும்” என்பதுதான் எங்களுக்குச் சொல்லப்பட்ட ஒரேயொரு விஞ்ஞானம். குளுக்கோஸ் மாவும் தோடம்பழத் துண்டுகளும் ஓடி முடித்தவனுக்கான வெகுமதியாக எல்லைக் கோட்டில் காத்திருந்தன. இடையில் விழுந்தவன் மனத்திடம் அற்றவன். அப்படி விழுந்த ஒருவன் தன்னுடைய வீடு எங்கே என்று எங்களிடமே கேட்டதை நான் கண்டிருக்கிறேன். நாங்கள் சிரித்தோம். அவனுடைய மூளைக்குச் சர்க்கரை போதவில்லையோ, உடல் கொதித்துக் கொண்டிருந்ததோ என்று யோசிக்க எங்களில் எவருக்கும் தெரிந்திருக்கவில்லை. பெரியவர்களுக்கும் தெரிந்திருக்கவில்லை.

எங்களுடைய ஆசிரியர்களை மட்டும் குறை கூறுவது நியாயமாகாது. உலகமே நெடுங்காலம் அப்படித்தான் நம்பியிருந்தது.

1904 ஆம் ஆண்டு ஓகஸ்ட் 30 ஆம் திகதி அமெரிக்காவின் சென் லூயிஸ் நகரில் நடந்த ஒலிம்பிக் மரதனை எடுத்துக்கொள்வோம். வெப்பநிலை 30 பாகை செல்சியஸுக்கு மேல். புழுதி படிந்த மண்பாதை. முன்னும் பின்னும் சென்ற மோட்டார் வண்டிகள் அந்தப் புழுதியைக் கிளப்பி ஓட்டவீரர்களின் வாயிலும் மூக்கிலும் திணித்தன. நீர் கிடைத்தது ஓரிரு இடங்களில் மட்டுமே. நீரின்றி மனித உடல் எவ்வளவு தாங்கும் என்று பார்க்கவே ஒழுங்கமைப்பாளரான ஜேம்ஸ் சலிவன் அப்படிச் செய்தார் என்று அந்த ஓட்டத்தின் கதையை எழுதியோர் கூறுகின்றனர். ஓடத் தொடங்கியவர் 32 பேர். முடித்தவர் 14 பேர்.

வென்ற தோமஸ் ஹிக்ஸின் கதை இன்று படித்தாலும் நெஞ்சைப் பதைக்க வைக்கும். அவர் நீர் கேட்டபோது அவருடைய உதவியாளர்கள் மறுத்துவிட்டு, பஞ்சினால் வாயை நனைத்து விட்டார்கள். அவர் தளர்ந்தபோது ஸ்ரிக்னீன் என்ற மருந்தை முட்டை வெள்ளைக்கருவில் கலந்து கொடுத்தார்கள். எங்கள் ஊர்க் காஞ்சூரை மரத்தின், அதாவது எட்டி மரத்தின், கொட்டையிலிருந்து எடுக்கப்படும் கொடிய நஞ்சு அது. சிறிய அளவில் நரம்புகளை உசுப்பும் என்று அக்காலத்தில் நம்பினார்கள். மீண்டும் தளர்ந்தபோது மறுபடியும் அதே நஞ்சு, இம்முறை பிரண்டி மதுவும் சேர்த்து. எல்லைக்கு அண்மையில் வந்தபோது, இன்னும் 20 மைல் ஓட வேண்டும் என்று ஹிக்ஸ் பிதற்றத் தொடங்கியிருந்தார். உதவியாளர்களின் தாங்கலில் 3 மணி 28 நிமிடம் 53 செக்கனில் அவர் முடித்தார். தங்கப் பதக்கமும் பெற்றார்.

அதே ஓட்டத்தில் கியூபாவின் தபாற்காரரான பெலிக்ஸ் கார்வஹாலும் ஓடினார். பசி தாங்காமல் வழியில் அப்பிள் பறித்துத் தின்றார். வயிற்றைப் பிடித்துக்கொண்டது. சற்றுப் படுத்து உறங்கினார். எழுந்து ஓடி நான்காவதாக வந்தார்! நஞ்சு குடித்தவரைச் சரித்திரம் மாவீரர் என்றது. பழம் தின்று உறங்கியவரைக் கோமாளி என்றது. யாருடைய புத்தி தெளிவாக இருந்தது என்று வாசகர்களே தீர்மானிக்கலாம்.

ஆனாலும் பாடம் படிக்கப்படவில்லை. 1909 இல் அதே சலிவன் வெளியிட்ட மரதன் கைந்நூல், ஓட்டத்தின்போது உண்பதையும் குடிப்பதையும் பழக்கமாக்கிக் கொள்ளாதீர்கள் என்று அறிவுரை கூறியது.

முதல் வெளிச்சம் விளையாட்டுத் துறையிலிருந்து வரவில்லை. நீரிழிவு மருத்துவத்திலிருந்து வந்தது. 1921-22 இல் கனடாவின் ரொறன்ரோ நகரில் இன்சுலின் கண்டுபிடிக்கப்பட்டது. இன்சுலின் அளவு மிஞ்சிப்போன நோயாளிகள் வெளிறி, நடுங்கி, எரிந்து விழுந்து, புத்தி தடுமாறி மயங்குவதை வைத்தியர்கள் முதன்முறையாகக் கண்டார்கள். இரத்தத்தில் சர்க்கரை குறைந்தால் மனிதன் எப்படி இருப்பான் என்பது அப்போதுதான் மருத்துவ உலகுக்குத் தெரிய வந்தது.

1924 இல் பொஸ்ரன் மரதன் ஓட்டத்தின் முடிவில் சாமுவேல் லெவின், பேர்ஜெஸ் கோர்டன் முதலிய வைத்தியர்கள் ஓட்டவீரர்களின் இரத்தத்தைச் சோதித்தார்கள். சிலருடைய இரத்தத்தில் சர்க்கரை மிகவும் குறைந்திருந்தது. யார் யாருக்கு அது குறைந்திருந்ததோ, அவர்களே வெளிறியும் குழம்பியும் சோர்ந்தும் கிடந்தார்கள். இன்சுலின் மிஞ்சிய நோயாளியின் அதே தோற்றம்! மறு ஆண்டு அதே வைத்தியர்கள் ஓட்டவீரர்களை முதல் நாளே மாப்பொருள் மிகுந்த உணவை உண்ணச் செய்து, ஓடும்போது இனிப்புகளையும் தின்னச் செய்தார்கள். சர்க்கரை விழவில்லை; குழப்பமும் வரவில்லை.

இந்தச் சிறிய ஆய்வை இவ்வரலாற்றின் திருப்பமாக நான் கருதுகிறேன். அதுவரை மனத்தின் பலவீனம் என்று பெயர் சூட்டப்பட்டிருந்த ஒன்று, பையில் நாலைந்து மிட்டாய்கள் இருந்திருந்தால் வந்திராது என்பதை அது காட்டியது.

இதன் காரணத்தை இன்று நாம் விளக்கமாக அறிவோம். எமது உடலில் மாப்பொருள் கிளைக்கோஜன் என்ற வடிவில் சேமிக்கப்படுகிறது. நன்றாக உண்ட ஒருவருடைய தசைகளில் ஏறத்தாழ 400 கிராமும் ஈரலில் ஏறத்தாழ 100 கிராமும் இருக்கும். மொத்தத்தில் 2000 கலோரி அளவு. ஒரு மரதனை முழுவதும் ஓட இது பலருக்குப் போதாது. அதனால்தான் 30 கிலோ மீற்றரைத் தாண்டியதும் சுவரில் மோதியது போலிருந்தது என்று ஓட்டவீரர்கள் சொல்வார்கள். கொழுப்பு மெலிந்தவருடைய உடலிலும் தாராளமாக உண்டு; ஆனால் அது மெதுவாகவே எரியும். இதில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. தசை தன்னிடமுள்ள சர்க்கரையை இரத்தத்துக்குத் திருப்பித் தராது, தானே எரித்துக்கொள்ளும். இரத்தத்துக்குச் சர்க்கரை வழங்குவது பெரும்பாலும் ஈரலின் அந்தச் சிறு கையிருப்புத்தான். மூளையோ இரத்தத்துச் சர்க்கரையையே நம்பி வாழ்வது. உடல் எடையில் ஐம்பதில் ஒரு பங்கான மூளை, ஓய்வில் இருக்கும் உடல் செலவிடும் சக்தியில் ஐந்தில் ஒரு பங்கைத் தின்கிறது. ஈரல் வெறுமையானால் முதலில் தடுமாறுவது கால் அல்ல, தலை.

1939 இல் கொப்பன்ஹேகனில் கிறிஸ்டென்சன், ஹான்சன் ஆகிய இருவரும் இதைப் பரிசோதனையில் கண்டார்கள். சர்க்கரை விழுந்து, இனி முடியாது என்று களைத்து நின்றவர்களுக்குக் குளுக்கோஸ் கொடுத்தபோது அவர்கள் மேலும் நெடுநேரம் உழைத்தார்கள். தசை எரித்த எரிபொருளின் கலவை பெரிதாக மாறவில்லை. ஆகவே மீண்டெழுந்தது மூளைதான் என்று அவர்கள் முடிவு கட்டினார்கள். ‘முடியாது’ என்று சொன்னதும் மூளை, ‘முடியும்’ என்று சொன்னதும் மூளை. இரண்டுக்கும் இடையில் இருந்தது சர்க்கரை. பசி வந்தால் மானமும் அறிவும் நிலைக்கமாட்டா என்று நம்முடைய முன்னோர் கண்டு சொன்னதற்கு ஆய்வுகூடம் போட்ட கையொப்பம் என்று இதைக் கொள்ளலாம்.

இருந்தும் ஆய்வுகூடத்தில் தெரிந்தது மைதானத்துக்கு வந்து சேர நெடுங்காலம் எடுத்தது. நவரத்தினசாமி பாக்கு நீரிணையைக் கடந்த அதே 1954 இல், ஓகஸ்ட் 7 ஆம் திகதி, கனடாவின் வான்கூவர் நகரில் பிரித்தானியப் பேரரசு விளையாட்டுப் போட்டிகளின் மரதன் நடந்தது. அக்காலத்தில் உலகின் மிக வேகமான மரதன் வீரரான இங்கிலாந்தின் ஜிம் பீற்றர்ஸ், அடுத்தவரை விட ஏறத்தாழ 17 நிமிடம் முன்னதாக மைதானத்தினுள் நுழைந்தார். கொளுத்தும் வெயில். விழுந்தார், எழுந்தார், மீண்டும் விழுந்தார். 200 யார் தூரத்தைக் கடக்க 11 நிமிடம் எடுத்தது. எல்லைக் கோட்டை அவர் எட்டவேயில்லை. அதன் பின்னர் அவர் போட்டியில் ஓடவும் இல்லை. முப்பது ஆண்டுகளுக்கு முன்னரே பொஸ்ரனில் மிட்டாய் கொடுத்துக் காட்டியிருந்தார்கள். வெப்பத்தின் கொடுமையும் அறியப்படாததல்ல. ஆயினும் குடிக்காமல் ஓடுவதே ஆண்மை என்ற எண்ணம் அப்போதும் கோலோச்சியது.

அடுத்த வெளிச்சம் சுவீடனிலிருந்து வந்தது. தசையிலிருந்து ஊசி மூலம் சிறு துணுக்கை எடுத்துச் சோதிக்கும் முறையை 1960களின் தொடக்கத்தில் யோனாஸ் பேர்க்ஸ்ட்ரொம் கையாளத் தொடங்கினார். 1966 இல் அவரும் எரிக் ஹுல்ற்மனும் தங்களையே பரிசோதனைப் பொருளாக்கிக் கொண்டார்கள். ஒரே சைக்கிளின் இரு பக்கமும் அமர்ந்து, ஆளுக்கொரு காலால் மட்டும் களைக்கும்வரை மிதித்தார்கள். பின்னர் மூன்று நாட்கள் மாப்பொருள் உணவை உண்டார்கள். உழைத்த காலில் கிளைக்கோஜன் ஏறத்தாழ இரு மடங்காகச் சேர்ந்தது. ஓய்ந்திருந்த காலில் பெரிதாக மாற்றமில்லை. மறு ஆண்டு அவர்களுடைய குழு நடத்திய சோதனையில், கொழுப்பும் புரதமும் மட்டும் உண்டவர்கள் ஒரு மணி நேரத்துக்குள் களைத்தார்கள். கலப்பு உணவு உண்டவர்கள் இரண்டு மணிக்குச் சற்றுக் குறைவாகத் தாங்கினார்கள். மாப்பொருள் மிகுதியாக உண்டவர்கள் மூன்று மணியை நெருங்கினார்கள். ஆட்கள் அதே ஆட்கள். மனத்திடமும் அதே மனத்திடம். மாறியது தட்டில் இருந்த சோறு மட்டுமே. 1969 இல் இங்கிலாந்தின் ரொன் ஹில் இந்த உணவு முறையைக் கைக்கொண்டு ஏதென்ஸில் ஐரோப்பிய மரதன் பட்டத்தை வென்றபோது உலகம் நிமிர்ந்து பார்த்தது.

நீரைப் பொறுத்தவரை திருப்பம் 1965 இல் அமெரிக்காவின் புளோரிடாப் பல்கலைக்கழகத்தில் நிகழ்ந்தது. விளையாடும்போது வீரர்களுக்கு ஏன் சிறுநீர் கழியவே தோன்றுவதில்லை என்று ஒரு பயிற்றுநர் கேட்டார். அந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்ட வைத்தியப் பேராசிரியர் ரொபேர்ட் கேட், நீர், உப்பு, சர்க்கரை ஆகியவற்றைக் கலந்து ஒரு பானம் செய்தார். வாயில் வைக்க முடியவில்லை. தேசிக்காய்ச் சாறு சேருங்கள் என்றார் அவருடைய மனைவி. வெயிலில் வந்தவருக்கு எங்கள் வீடுகளில் கரைத்துக் கொடுக்கும் உப்பும் சீனியும் இட்ட தேசிக்காய்த் தண்ணீருக்கும் இதற்கும் எவ்வளவு தூரம்? அந்தப் பானம்தான் பின்னர் கற்றரேட் என்ற பெயரில் உலகச் சந்தையை ஆண்டது.

ஆனால் மனிதர் நடுவில் நிற்கத் தெரியாதவர்கள். குடிக்காதே என்று பயமுறுத்திய உலகம், இப்போது முடிந்த மட்டும் குடி என்று பயமுறுத்தத் தொடங்கியது. தென்னாபிரிக்காவின் ரிம் நோக்ஸ் 1985 இலேயே, நெடுந்தூரப் போட்டிகளில் அளவுக்கு மிஞ்சி நீர் குடித்து இரத்தத்தின் உப்புச் செறிவு குறைந்து மயங்கிய நால்வரைப் பற்றி எழுதி எச்சரித்திருந்தார். கேட்டவர் குறைவு. 2002 ஆம் ஆண்டு பொஸ்ரன் மரதனில் 28 வயதான ஓட்ட வீராங்கனை ஒருவர் இதே காரணத்தால் இறந்தார். அதே ஓட்டத்தில் இரத்தம் சோதிக்கப்பட்ட 488 பேரில் 13 சதவீதத்தினருக்கு உப்புச் செறிவு குறைந்திருந்தது என்று 2005 இல் ஆய்வாளர்கள் அறிவித்தார்கள். தாகத்தை அறிந்து அதற்கேற்பக் குடி என்பதே இன்று நிபுணர் குழுக்கள் பலவும் வந்து சேர்ந்திருக்கும் முடிவு. அமிர்தமும் நஞ்சாகும் அளவை அறிய நூறு ஆண்டுகள் எடுத்திருக்கின்றன.

அப்படியானால் மனத்திடம் என்ற ஒன்று இல்லவே இல்லையா? எல்லாம் சர்க்கரையும் உப்புந்தானா? அப்படியும் அல்ல என்பதே இந்த வரலாற்றின் சுவையான பகுதி.

2004 இல் இங்கிலாந்தின் பேர்மிங்ஹாம் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், ஒரு மணி நேரச் சைக்கிள் சோதனையில் ஈடுபட்டவர்களுக்கு மாப்பொருள் கரைசலைக் கொடுத்து, விழுங்காமல் கொப்பளித்துத் துப்பச் சொன்னார்கள். உடலுக்குள் ஒரு துளி எரிபொருளும் போகவில்லை. ஆயினும் அவர்கள் ஏறத்தாழ 3 சதவீதம் விரைவாக முடித்தார்கள். வாயில் சர்க்கரை பட்டதும் மூளையின் ஊக்கப் பகுதிகள் விழித்துக்கொள்வதை அதே பல்கலைக்கழகத்தார் 2009 இல் மூளைப் படங்களின் மூலம் காட்டினார்கள். உணவு வருகிறது என்று தெரிந்தாலே மூளை கையிருப்பைச் சற்றுத் தாராளமாகத் திறந்துவிடுகிறது! அதே 2009 இல் சமுவேலே மார்க்கோராவும் அவருடைய குழுவினரும் இன்னொன்றைக் கண்டார்கள். 90 நிமிடம் மூளையை வருத்தும் வேலை செய்துவிட்டுச் சைக்கிள் மிதித்தவர்கள், வழமையை விட ஏறத்தாழ 15 சதவீதம் முன்னதாகவே கைவிட்டார்கள். இதயத்தில் மாற்றமில்லை, தசையிலும் மாற்றமில்லை. ‘கடினமாக இருக்கிறது’ என்ற உணர்வு மட்டும் கூடியிருந்தது. 2014 இல் மார்க்கோரா பங்குபற்றிய மற்றோர் ஆய்வில், தனக்குத் தானே ஊக்கமொழி சொல்லிக்கொள்ள இரு வாரம் பழகியவர்கள் 18 சதவீதம் கூடுதலாகத் தாங்கினார்கள்.

ஆகவே மனத்திடம் உண்மை. அதைப் பழக்கவும் முடியும். ஆனால் அது உடலுக்கு வெளியே நின்று சவுக்கடி கொடுக்கும் எசமான் அல்ல. அதே உலையில் கொதிக்கும் அரிசிதான். உறக்கம் கெட்டால் அதுவும் கெடும். சர்க்கரை விழுந்தால் அதுவும் விழும். உடல் கொதித்தாலும் குளிர்ந்தாலும் அதுவும் தடுமாறும். இதில் மிகக் கொடியது எதுவென்றால், தான் தடுமாறுகிறேன் என்று அறிய வேண்டிய கருவியே முதலில் தடுமாறுகிறது. 20 மைல் மீதி இருக்கிறது என்று பிதற்றிய ஹிக்ஸுக்கு, தான் பிதற்றுவது தெரிந்திருக்காது.

இங்கே மீண்டும் ஆங்கிலக் கால்வாய்க்கு வருகிறேன். அதனை முதன்முதல் நீந்திக் கடந்தவர் கப்டன் மத்தியூ வெப்; 1875 ஓகஸ்ட் 25 இல், 21 மணி 45 நிமிடத்தில். அவருக்குப் படகிலிருந்து கோப்பி, மாட்டிறைச்சிச் சாறு, பிரண்டி ஆகியவை கொடுக்கப்பட்டன. எட்டாண்டுகள் கழித்து, 1883 இல், நயாகரா அருவியின் கீழுள்ள நீர்ச்சுழிகளை நீந்தப்போய் அதே வெப் இறந்தார். கால்வாயின் மிகக் குறுகிய அகலம் 33 கிலோ மீற்றர். தலைமன்னாருக்கும் தனுஷ்கோடிக்கும் இடையேயும் ஏறத்தாழ அவ்வளவுதான். தூரத்தில் அதிக வித்தியாசமில்லை. வித்தியாசம் நீரில் இருக்கிறது. பாக்கு நீரிணை இளஞ்சூடான நீர். கால்வாயின் நீர் ஓகஸ்டிலும் 16, 17 பாகையை ஒட்டியே இருக்கும். அங்கே உண்ணும் உணவு கையையும் காலையும் அசைப்பதற்கு மட்டுமல்ல, உடற்சூட்டைக் காப்பதற்கும் எரிகிறது. படகைத் தொடவும் கூடாது என்பது விதி. இன்றைய நீச்சல் வீரர்கள் அரை மணிக்கோ முக்கால் மணிக்கோ ஒருமுறை இளஞ்சூடான மாப்பொருள் பானத்தைக் கயிற்றிலோ கோலிலோ வாங்கிக் குடிக்கிறார்கள். படகில் இருப்பவர் ஒவ்வொரு முறையும் பேச்சுக் கொடுத்துப் பார்ப்பார். பதில் குழறினால், கைவீச்சின் எண்ணிக்கை விழுந்தால், நீந்துபவர் வேண்டாம் என்று கெஞ்சினாலும் தூக்கி விடவேண்டும். முடிவெடுக்கும் பொறுப்பு நீரில் இருப்பவனுடையதல்ல, படகில் இருப்பவனுடையது.

லொஸ் ஏஞ்சல்ஸிலும் நடந்தது அதுதான். அண்டர்சன்-ஷீஸை யாரும் கவனியாமல் விட்டுவிடவில்லை. வைத்தியர்கள் அவருக்குப் பக்கத்திலேயே நடந்து வந்தார்கள். அவருடைய உடலில் வியர்வை இருப்பதைக் கண்டார்கள். வியர்க்கின்றது என்றால் உடல் தன்னைக் குளிர்விக்கும் வழியை இன்னும் இழந்துவிடவில்லை என்று பொருள். அதனால் ஓட விட்டார்கள். வியர்வை நின்றிருந்தால் கோட்டுக்கு ஓரடி முன்னால் என்றாலும் பிடித்து நிறுத்தியிருப்பார்கள். உலகம் கண்டு வியந்த அந்த மனத்திடத்துக்குப் பக்கத்தில், தெளிந்த தலையுடன் இன்னொருவர் நடந்து வந்தார். 1904 இல் ஹிக்ஸுக்குப் பக்கத்திலும் ஆட்கள் இருந்தார்கள். அவர்களுடைய கையில் இருந்தது நஞ்சு.

ஆழிக்குமரன் ஆனந்தனின் புகழை இந்தக் கட்டுரை குறைப்பதாக யாரும் எண்ண வேண்டாம். 51 மணி நேரம் உப்பு நீரில் கிடந்தவருடைய நெஞ்சுரத்தை அளக்க என்னிடம் கோலில்லை. ஆனால் அவரைப்போல மனம் வை என்று பிள்ளைகளுக்குச் சொல்லும் நாம், வெப்பும் ஆனந்தனும் நீரில் மடிந்ததையும் சேர்த்தே சொல்லக் கடமைப்பட்டவர்கள். கடலுக்கு நம்முடைய மனத்திடத்தைப் பற்றிய அக்கறை கிடையாது.

இதையெல்லாம் இன்று எழுதத் தூண்டிய காரணத்தையும் கூறிவிடுகிறேன். 2024 மார்ச் மாதத்தில் கிழக்கு மாகாணத்தில் பாடசாலை மரதன் ஓட்டத்தில் ஓடிய 16 வயது மாணவன் ஒருவன் உயிரிழந்தான். அந்த மரணத்தின் காரணத்தை ஆராய்வது என்னுடைய வேலையல்ல. ஆனால் அந்தச் செய்தியைப் படித்தபோது, தன்னுடைய வீடு எங்கே என்று எங்களிடம் கேட்ட என் பாடசாலைத் தோழனின் முகம் நாற்பது ஆண்டுகளைத் தாண்டி வந்து என் முன்னால் நின்றது. அவன் பிழைத்தான். அதற்கு நாங்கள் யாரும் காரணமல்ல.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் பாரிஸிலும் நம்மவர் பலர் இப்போது நடுத்தர வயதில் மரதன் ஓடத் தொடங்கியிருக்கிறார்கள். மகிழ்ச்சியான விடயம். அவர்களுக்கு இந்த நூற்றாண்டுப் பாடத்தைச் சுருக்கித் தரலாம். முதல் இரு நாட்களில் சோறோ இடியப்பமோ மனம்நிறைய உண்ணுங்கள். ஒன்றரை மணிக்கு மேல் ஓடுவதானால் மணிக்கு 30 முதல் 60 கிராம் வரை மாப்பொருள் தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் ஏறத்தாழ 25 கிராம் உண்டு. தாகத்துக்குக் குடியுங்கள்; பயத்துக்குக் குடிக்காதீர்கள். எதை உண்பதானாலும் பயிற்சியின்போதே உண்டு வயிற்றைப் பழக்குங்கள். களைக்கும்போது சொல்லிக்கொள்ள ஒரு வாசகத்தையும் முன்னரே தேடி வைத்துக்கொள்ளுங்கள்.

ஊரில் மெய்வல்லுநர் போட்டி நடத்தும் ஆசிரியர்களுக்குச் சொல்வது இன்னும் சுருக்கமானது. காலையின் குளிர்ச்சியிலேயே ஓட்டத்தைத் தொடங்குங்கள். குளுக்கோஸையும் தோடம்பழத்தையும் எல்லைக் கோட்டிலிருந்து எடுத்துப் பாதையின் நடுவில் வையுங்கள். வழியில் நிற்பவர், தள்ளாடி வரும் பிள்ளையிடம் அவனுடைய பெயரையும் வீட்டையும் கேட்கட்டும். பதில் சொல்லத் தடுமாறினால் அவனை நிழலில் இருத்தி, உடலை நனைத்துக் குளிர்வித்து, உடனே வைத்திய உதவிக்கு ஆள் அனுப்பட்டும்.

அதைக் கேட்பதற்கு அன்று எங்கள் பாதையில் ஒருவரும் நிற்கவில்லை.